நோய் மீன் வந்து தொட்டி காலியான பிறகு: எதைக் கழுவுவது, எதை எறிவது, எப்போது மீன் விடுவது

கேள்வி: எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டி 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம். தண்ணீர் 38 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். இரண்டு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. போன மாதம் கடையில் 6 மோலி வாங்கி, கவர் தண்ணீரோடு அப்படியே உள்ளே விட்டேன். மூன்றாம் நாள் மோலிகளின் வாலில் ரவை ஒட்டினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கல்லில் போய்ப் போய் உரசின. ஆறாம் நாள் பழைய டெட்ராக்களுக்கும் புள்ளி வந்தது. சிலவற்றுக்கு முதுகில் சாம்பல் நிறப் பட்டை, வாய் வெளுத்துவிட்டது. ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றி மெத்திலீன் புளூ மருந்து ஊற்றினேன். அதற்கப்புறம்தான் மளமளவென்று செத்தன. 24 மீன்களில் இரண்டு கப்பி மட்டும் மிச்சம், வாளியில் இருக்கின்றன. தொட்டியைக் காலி செய்து சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை புது மீன் விடலாமா? பிளீச் ஊற்றினால் ஆபத்தா? கல், செடி, ஃபில்டர் இவற்றில் எதைத் தூக்கிப் போட வேண்டும்?

பதில்: ஞாயிற்றுக்கிழமை மீன் விட வேண்டாம். சோப்பு எந்த நாளிலும் வேண்டாம். பிளீச் ஊற்றலாம், உங்கள் தொட்டிக்கு அது தேவையும்கூட. ஆனால் மீன் செத்த எல்லாத் தொட்டிக்கும் பிளீச் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எது கொன்றது என்று தெரிந்தால்தான் எவ்வளவு கடுமையாகக் கழுவ வேண்டும் என்று சொல்ல முடியும். பிளீச் நோய்க்கிருமியோடு சேர்த்து, ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவைத் தின்று தொட்டியை வாழவைக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். தேவையில்லாமல் பிளீச் போட்டுவிட்டு மறுவாரமே மீன் விடுகிறவர்களுக்கு இரண்டாவது சாவு அம்மோனியாவால் வருகிறது. புது மீனும் நோயோடு வந்துவிட்டது என்று கடையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

புது மீன் விட்டதும் சாவு விழுந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. ஒரே நேரத்தில் நிறைய மீன் சேர்த்ததால் அம்மோனியா ஏறியிருக்கலாம், குளோரின் போகாத தண்ணீர் ஊற்றியிருக்கலாம், ஏர் பம்ப் நின்றிருக்கலாம். அப்படி ஆனால் பழையது புதியது என்ற வித்தியாசமில்லாமல் எல்லா மீனும் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடும், சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் கொத்தாகச் சாகும், உடம்பில் புள்ளியோ திட்டோ இருக்காது. அதற்கு மருந்து தண்ணீர் மாற்றுவதுதான். உங்கள் வீட்டில் நடந்தது வேறு. முதலில் புது மீனுக்கு வந்தது, பிறகு பழைய மீனுக்குப் பரவியது, நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடியது, உடம்பில் அடையாளமும் இருந்தது. இது தொற்று. அதிலும் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது வெள்ளைப் புள்ளி நோய். புள்ளியாகக் கண்ணில் படுவது ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்னும் கட்டம். அங்கே மருந்து எட்டாது. தின்று முடித்ததும் தோலைப் பிய்த்துக்கொண்டு கீழே விழும். கல்லிலோ கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டி உறை கட்டிக்கொள்ளும். அந்த ஓர் உறைக்குள் நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரம் வரை, குஞ்சுகள் பிரிந்து வெளியே நீந்தும். அவற்றுக்கு இரண்டு நாளுக்குள் ஒரு மீன் அகப்பட வேண்டும், இல்லாவிட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். மருந்து பிடிப்பது இந்த நீந்தும் கட்டத்தில் மட்டும்தான். 25 டிகிரித் தண்ணீரில் முழுச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் நீளும்.

இரண்டாவது, முதுகுப் பட்டையும் வாய் வெளுத்ததும். பலர் இதைப் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து ஊற்றுவார்கள். பூஞ்சை என்றால் நீளநீளமான இழையோடு புசுபுசுவென்று நிற்கும், பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள புண்ணின் மேல்தான் வரும். உங்கள் மீனுக்கு வந்தது தட்டையான சாம்பல் திட்டு, வாயைச் சுற்றி வெள்ளை. அது காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா நோயின் முகம். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி தோலைக் கிழித்த இடங்கள் வழியாக இது சுலபமாக நுழையும். சூடு ஏற ஏற இதன் வேகமும் ஏறும். 28, 30 டிகிரியில் ஒரே நாளில் மீனைக் கொன்றுவிடக்கூடியது. வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்திருந்தால் ஹீட்டரை 30-க்கு ஏற்றியது சரியான வைத்தியம். சாம்பல் திட்டும் கூட இருந்ததால் அதே சூடு எதிரிக்கு உதவிவிட்டது. மெத்திலீன் புளூ ஃபில்டர் பாக்டீரியாவையும் கெடுக்கும் என்பதால் கடைசி நாட்களில் அம்மோனியாவும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வெள்ளைப் புள்ளி மட்டும் வந்த தொட்டி என்றால் பிளீச்சே வேண்டாம். மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, 28 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் ஒட்டுண்ணி பட்டினியில் போய்விடும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவந்தால் அது அழுகி அம்மோனியா தரும், நல்ல பாக்டீரியா பிழைத்திருக்கும். காலம்நாரிஸ் பாக்டீரியாவுக்கு மீன் இல்லாவிட்டாலும் கவலையில்லை. கசடிலும் கடினத் தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கும். அதனால்தான் உங்களுக்குப் பிளீச்.

இன்னொரு வகைச் சாவு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மீன்கள் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக மெலிந்து, முதுகெலும்பு வளைந்து, ஆறாத புண்ணோடு செத்தால் அது மீன் காசநோயாக இருக்கலாம். அதை உண்டாக்கும் மைகோபாக்டீரியம் என்ற கிருமிக்குச் சாதாரண அளவு பிளீச் போதாது. கண்ணாடியையும் கருவிகளையும் கழுவிக் காயவைத்து, 70 சதவீத ஆல்கஹால் தடவி ஈரமாகவே சில நிமிடம் இருக்க விட வேண்டும். அருகில் நெருப்போ மின்பொறியோ கூடாது. அக்ரிலிக் தொட்டியில் ஆல்கஹால் பட்டால் நுண்விரிசல் விடும். கல், செடி, கட்டை எல்லாம் குப்பைக்குத்தான். இந்தக் கிருமி மனிதத் தோலிலும் இறங்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிடாதீர்கள், எந்தத் தொட்டி வேலைக்கும் நீளமான ரப்பர் கையுறை போடுங்கள், சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள். விரலிலோ கையிலோ வாரக்கணக்கில் ஆறாத முடிச்சு வந்தால் மருத்துவரிடம் மீன் வளர்ப்பதைச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அந்தத் திசையில் சந்தேகம் வரும்.

தொட்டியைத் தொடும் முன் அந்த இரண்டு கப்பிகளைக் கவனியுங்கள். வெறும் வாளியில் ஃபில்டர் பாக்டீரியா கிடையாது. அவை இப்போது நோயைவிட அம்மோனியாவால் சாக வாய்ப்பு அதிகம். 20 லிட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, தினமும் பாதித் தண்ணீரை அதே சூட்டுத் தண்ணீரால் மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீரில் குளோரின் நீக்கி கலந்திருக்க வேண்டும். சூட்டை 25, 26 டிகிரியில் வையுங்கள், ஏற்ற வேண்டாம். கல்லுப்பை முதல் நாள் லிட்டருக்கு 1 கிராம், மறுநாள் இன்னொரு கிராம் என்று கரைத்து லிட்டருக்கு 2 கிராமில் நிறுத்துங்கள். இந்த உப்பு வெள்ளைப் புள்ளியையும் ஒடுக்கும், காலம்நாரிஸ் மீனில் ஒட்டுவதையும் குறைக்கும். கப்பி இதைச் சுலபமாகத் தாங்கும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்புச் சேர்க்க வேண்டும். 10 லிட்டர் எடுத்தால் 20 கிராம். மொத்த டப்புக்கும் தினம் தினம் உப்புப் போட்டுக்கொண்டே போவது வழக்கமான தவறு. உப்பு ஆவியாகாது, ஏறிக்கொண்டே போகும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் இரண்டு வாரம் உப்பில் வைத்திருங்கள், பிறகு தண்ணீர் மாற்றும்போது உப்பில்லாத தண்ணீராக ஊற்றிப் படிப்படியாகக் குறையுங்கள். கப்பிக்குச் சாம்பல் திட்டு தெரிந்தால் மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொட்டாமல் மீன் நோய் பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மீன் செத்து ஆய்வுக்குக் கொடுப்பதாக இருந்தால் உடனே பையில் போட்டு ஐஸ் மேல் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும், உறையவைக்கக் கூடாது. சில மணி நேரம் தண்ணீரில் மிதந்த உடலில் அழுகல் பாக்டீரியா மண்டிவிடும், சோதனை ஒன்றும் சொல்லாது. செத்த மீன்களைக் கழிப்பறையிலும் குளத்திலும் போட வேண்டாம். கட்டிக் குப்பையில் சேருங்கள் அல்லது ஆழப் புதையுங்கள்.

இனி தொட்டி. உங்கள் அளவுக்கு 75 × 35 × 38 பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 99.75, அதாவது 100 லிட்டர். மருந்து போடும்போது கல் அடைத்துக்கொள்ளும் இடத்துக்காகப் பத்து சதவீதம்போல் கழிக்க வேண்டும். கிருமி நீக்கத்துக்குக் கழிக்க வேண்டியதில்லை.

பிளீச் வாங்கும்போது சோடியம் ஹைப்போகுளோரைட் மட்டும் உள்ளதாக, வாசனையும் நுரையும் இல்லாததாகப் பாருங்கள். பாட்டிலைக் குலுக்கினால் எழும் நுரை அடங்காமல் நின்றால் அதில் சலவைப் பொருள் கலந்திருக்கிறது, தொட்டிக்கு ஆகாது. திறந்து மாதக்கணக்கில் இருந்த பிளீச்சில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். 5 சதவீதப் பிளீச் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி ஊற்ற 200 பிபிஎம் (லிட்டருக்கு 200 மில்லிகிராம்) குளோரின் கிடைக்கும். உங்கள் 100 லிட்டருக்கு 400 மில்லி. பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறதென்றால், அதில் 30 சதவீதம் குளோரின் இருக்கும்பட்சத்தில் 67 கிராம் தேவை. தனி வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் ஊற்றுங்கள், அடியில் தங்குவது சுண்ணாம்பு. நான் திரவப் பிளீச்சையே சொல்வேன். அளவும் சுலபம், வெள்ளைப் படலமும் மிஞ்சாது.

ஹீட்டரின் மின்சாரத்தை நிறுத்தி 20 நிமிடம் தண்ணீரிலேயே ஆறவிட்டு எடுங்கள். சூடான ஹீட்டர் காற்றில் பட்டதும் கண்ணாடி தெறிக்கும். செடி, கட்டை, ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச், பஞ்சு, கார்பன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீரைக் கொட்டாதீர்கள். முதல் சுற்றுப் பிளீச்சை அந்த அழுக்குத் தண்ணீரிலேயே ஊற்ற வேண்டும். அப்போதுதான் வீட்டுக்குள் சிந்துவதும் சாக்கடைக்குப் போவதும் கிருமி செத்த தண்ணீராக இருக்கும். ஸ்பாஞ்ச் இல்லாத வெறும் ஃபில்டரை ஓடவிட்டால் பம்ப், குழாய், இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சின்ன விசிறி) எல்லாவற்றின் உள்ளேயும் குளோரின் போய் வரும். ஏர் ஸ்டோனை மட்டும் நிறுத்திவிடுங்கள், குமிழி உடையும்போது குளோரின் நெடி அறை முழுக்கப் பரவும். சன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் வெளியே இருக்கட்டும். ஒரு மணி நேரம் விடுங்கள்.

இந்த முதல் சுற்றை நம்பி நிறுத்திவிடக் கூடாது. கசடும் மீன் கழிவும் குளோரினை விழுங்கிவிடும், 200 பிபிஎம் போட்டாலும் அரை மணியில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். நீச்சல் குளத்துக்கான குளோரின் பட்டை இருந்தால் பாருங்கள், ஆனால் நேராகத் தொட்டியில் முக்காதீர்கள். மிக அதிகக் குளோரின் பட்டையின் சாயத்தையே வெளுத்துப் பூஜ்யம்போல் காட்டிவிடும். 10 மில்லித் தொட்டித் தண்ணீரைக் குளோரின் இல்லாத அரை லிட்டர் தண்ணீரில் கலந்து அதில் முக்கினால் 200 பிபிஎம் என்பது 4 போலக் காட்டும். ஒரு மணி கழித்து 1-க்குக் கீழே காட்டினால் இன்னொரு 200 மில்லி ஊற்றி மேலும் ஒரு மணி நேரம் விடுங்கள்.

பிறகு தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். செடிக்கு ஊற்றினால் செடி போகும், வாய்க்காலுக்கோ குளத்துக்கோ போனால் அங்குள்ள மீன் போகும். வேறு வழியில்லாமல் மண்ணில்தான் விட வேண்டும் என்றால் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்டை 140 கிராம் கரைத்து ஊற்றிய பின் விடுங்கள். ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு தயோசல்பேட், 100 லிட்டரில் 20 கிராம் குளோரின் என்பது கணக்கு.

காலியான தொட்டியில் கல்லை அள்ளி வெளியே போடுங்கள். அது பழைய, பழுப்புக் கசடு ஏறிய பொடிக் கல் என்றால் எறிந்துவிடுவதே மேல். வைத்துக்கொள்ள விரும்பினால் கழுவும் தண்ணீர் தெளியும்வரை அலசி, 9.5 லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டர் பிளீச் கலந்த வாளியில் ஒரு மணி நேரம் போட்டு, நடுநடுவே கிளறிவிடுங்கள். அலசாமல் போட்டால் பிளீச் கசடோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். பெரிய பாறைக்கும் இதே ஊறல்தான். பாறையைக் கொதிக்கவைக்காதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கும். சிப்பி, பவளக்கல், துளையுள்ள அலங்காரப் பொருள் எல்லாம் பிளீச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கசியவிடும், எறிந்துவிடுங்கள். மரக்கட்டையும் அப்படித்தான், அதற்குப் பிளீச் கூடாது. பாத்திரத்தில் முழுசாக மூழ்கும் அளவில் இருந்தால் ஒரு மணி நேரம் கொதிக்கவையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது.

ஸ்பாஞ்ச், பஞ்சு, கார்பன், ஏர் ஸ்டோன், ஏர் குழாய் இவற்றுக்கு இரண்டாவது எண்ணமே வேண்டாம், எல்லாம் புதிதாக. பழைய ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியா இருக்கிறதே என்று அலசி வைத்துக்கொள்ள ஆசை வரும். அதே துளைகளில்தான் நோயும் உட்கார்ந்திருக்கிறது. ஃபில்டருக்குள் இருக்கும் செராமிக் வளையங்களைப் பிளீச் வாளியில் ஊறவைத்துக் காப்பாற்றலாம், ஆனால் பிறகு ஒரு முழு நாள் தயோசல்பேட் தண்ணீரில் கிடக்க வேண்டும். ஃபில்டரின் இம்பெல்லரை மெதுவாக வெளியே இழுத்து, அது சுழலும் குழிக்குள் படிந்திருக்கும் வழவழப்பைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அதன் நடு அச்சு செராமிக் என்றால் கொஞ்சம் அழுத்தினாலே ஒடியும். பெரும்பாலானவர்கள் மறப்பது இந்தக் குழியையும், ஹீட்டரைப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணங்களின் உட்புறத்தையும், மூடியின் கீழ்ப்பக்கத்தையும்தான். வலை, வெப்பமானி, சைஃபன், சுரண்டி, தொட்டிக்கென்று வைத்திருக்கும் வாளி அத்தனையும் பிளீச் ஒரு பங்கும் தண்ணீர் 19 பங்கும் கலந்ததில் 15 நிமிடம் ஊறட்டும்.

செடிகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைக்காரர்களைக் காப்பாற்றலாம். அதே ஒன்றுக்குப் பத்தொன்பது கலவையில் இரண்டு நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடியும் வேண்டாம், உடனே தயோசல்பேட் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம். சில இலைகள் கருகும், வேர்த்தண்டு திடமாக இருந்தால் துளிர்க்கும். மெல்லிய இலைச் செடிகள் பிளீச்சில் கரைந்துபோகும், வாலிஸ்னேரியாவும் தாங்காது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் முக்கினால் கிருமி குறையுமே தவிர ஒழியாது. உங்கள் தொட்டியில் நடந்ததற்குப் பிறகு அவற்றை விட்டுவிடச் சொல்வதுதான் நியாயம்.

கண்ணாடியில் ஒட்டிய பாசியைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, மூலைச் சிலிக்கான் ஓரங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். சோப்பை ஏன் தடுக்கிறேன் என்றால், அதன் எச்சம் சிலிக்கானில் தங்கும், துளியளவு போதும், மீனின் செவுளையும் உடம்பின் வழவழப்பையும் கெடுக்க. கொதிநீரும் வேண்டாம், கண்ணாடி விரியும், ஒட்டு தளரும். உப்புக்கறைக்கு வினிகர் நல்லதுதான், ஆனால் பிளீச் வேலை முழுக்க முடிந்து நன்றாக அலசிய பிறகு வேறொரு நாளில். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அம்மோனியா சேர்ந்தாலும் விஷவாயுதான். ஃபார்மலின் மருந்து வீட்டில் இருந்தால் அதையும் பிளீச் பக்கம் கொண்டுவராதீர்கள்.

சுத்தமான தொட்டியில் மறுபடி தண்ணீர் நிரப்பி 400 மில்லி பிளீச் ஊற்றி, வெறும் ஃபில்டரை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். உண்மையான கிருமி நீக்கம் இந்த இரண்டாவது சுற்றில்தான் நடக்கிறது. அதற்கு மேல் ஊறவைத்தால் ரப்பர் வளையங்கள் கெடும். வடித்து, இரண்டு முறை அலசி, மூன்றாவது முறை நிரப்பி 5 கிராம் தயோசல்பேட் கரைத்து, கழுவிய கல்லையும் பாறையையும் உள்ளேயே போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். மறுநாள் குளோரின் பட்டை பூஜ்யம் காட்ட வேண்டும். மூக்கை மட்டும் நம்பாதீர்கள், நெடி தெரியாத அளவே மீனைக் கொல்லப் போதுமானது. கடைசியாக எல்லாவற்றையும் வடித்து இரண்டு மூன்று நாள் ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியின் உறை காய்ந்துபோவதைத் தாங்காது. தொட்டியைத் தண்ணீரோடு நகர்த்த வேண்டாம், திரும்ப வைக்கும்போது அடியில் தெர்மகோல் தாள் சமமாக இருக்கிறதா பாருங்கள்.

இப்போது உங்களிடம் இருப்பது புதுத் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றது இதனால்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும், அதை மீன் இல்லாமலே வளர்க்கலாம். செடிகளை நட்டு, புது ஸ்பாஞ்ச் போட்டு, 28 டிகிரியில் ஃபில்டரை ஓட்டி, 100 லிட்டருக்கு 0.6 கிராம் அம்மோனியம் குளோரைடு கரையுங்கள். அது ஏறக்குறைய 2 பிபிஎம் அம்மோனியா. அது கிடைக்காவிட்டால் தினம் ஒரு சிட்டிகை தீனி போடலாம், ஆனால் மெதுவாக நடக்கும், கசடும் சேரும். முதல் வாரம் எதுவும் மாறாது. பிறகு அம்மோனியா இறங்கி நைட்ரைட் எகிறும், அது இறங்கத்தான் அதிக நாள் எடுக்கும். பொறுமை தீர்ந்து மீன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வாங்குகிறார்கள், நைட்ரைட் மீன் ரத்தத்தின் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். அம்மோனியா பூஜ்யமாகும்போதெல்லாம் மறுபடி 0.6 கிராம் போடுங்கள். நடுவில் எல்லாம் நின்றுபோனதுபோல் தெரிந்தால் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) பாருங்கள். 6.5-க்குக் கீழே போயிருந்தால் பாக்டீரியா மந்தமாகும், 5 கிராம் சமையல் சோடா கரைத்தால் நகரும். 2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். தெரிந்தவர் தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் கடன் வாங்கினால் நாள் குறையும். ஆனால் அங்கே பல மாதமாகப் புது மீன் சேர்க்காமலும் நோய் வராமலும் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு வேலையும் வீண்.

இந்த ஆறு வாரத்தில் ஒரு கூடுதல் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் பெரிய தொட்டியிலேயே ஓடவிட்டு வையுங்கள். அது அடுத்து வாங்கப்போகும் மீன்களின் தனிமைத் தொட்டிக்கு.

முதலில் உள்ளே போக வேண்டியவை கப்பிகள். கடைசிப் புள்ளி மறைந்து ஒரு மாதம் ஆகி, நன்றாகத் தின்றுகொண்டிருந்தால் மாற்றுங்கள். அவை இருந்த டப்பைப் பிளீச் போட்டுக் கழுவிக் காயவைத்தால் அதுவே தனிமைத் தொட்டியாகும். முடிந்தால் 30, 40 லிட்டர் டப்பாகப் பாருங்கள். அடியில் கல் வேண்டாம், ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். தனி வலை, தனி சைஃபன். தினசரி வேலையைப் பெரிய தொட்டியில் முடித்துவிட்டு அப்புறம்தான் இங்கே கைவைக்க வேண்டும்.

கடையில் நீங்கள் விரும்பும் மீனை மட்டும் பார்க்காதீர்கள். பல கடைகளில் வரிசைத் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றும். மூன்று தொட்டி தள்ளி ஒரு மீன் செத்துக் கிடந்தால் அது உங்கள் மீனுக்கும் செய்தி. துடுப்பை ஒடுக்கிக்கொண்டிருக்கிறதா, ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைத்து மூச்சு விடுகிறதா, உரசுகிறதா என்று பார்த்து, தீனி போடச் சொல்லித் தின்கிறதா பாருங்கள். சரக்கு வந்து ஒரு வாரம் ஆன மீனாகக் கேளுங்கள். வீட்டில் கவரை 15 நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, மீனை வலையால் எடுத்துத் தனிமைத் தொட்டியில் விடுங்கள், கவர் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பல மணி நேரம் கட்டியிருந்த கவரைத் திறந்து நீண்ட நேரம் வைத்துப் பழக்குவதும் தவறு. கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை தீங்கில்லாமல் கிடந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும்.

தனிமை 30 நாள். வெள்ளைப் புள்ளி முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், குடல் புழு தெரிய மூன்று நான்கு வாரம் எடுக்கும். கழிவுத் துளையில் சிவப்பு நூல்போல் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான். கப்பிகள் பிழைத்துவிட்டாலும் பாக்டீரியாவைச் சுமந்துகொண்டிருக்கலாம் என்பதால், கடைசி இரண்டு வாரம் அவற்றில் ஒன்றை எடுத்துப் புது மீன்களோடு தனிமைத் தொட்டியில் விடுங்கள். கப்பியிடம் ஏதாவது இருந்தால் புது மீன்கள் பெரிய தொட்டிக்குப் போவதற்கு முன் அங்கேயே தெரியும். புது மீனிடம் நோய் மறைந்திருந்தால் பெரிய தொட்டிக்கு இழப்பு ஒரு கப்பியோடு போகும். அதன் பிறகும் ஒரே தடவையில் எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். இரண்டு கப்பிகளின் கழிவுக்கு ஏற்ற அளவுக்கு ஃபில்டர் பாக்டீரியா சுருங்கியிருக்கும். நான்கைந்து மீனாக, இரண்டு வார இடைவெளியில் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் முதல் நான்கு நாள் தீனியைப் பாதியாக்கி, தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். எது 0.25 பிபிஎம் காட்டினாலும் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.